கரிமேட்டுல சீலா வாங்கப் போன கதை

இன்னைக்கு காலைல மதுரை கரிமேட்டுல சீலா மீன் வாங்க நின்னேன். மீன்கார அண்ணனுக்கு ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊரு, "கோஸ்ட் கார்டுன்னா, அதான் கடலோரக் காவல்படை, ஆளுகளைப் பிடிக்கிறவங்கன்னு மட்டும் நெனக்காதீங்க தம்பி, நடுக்கடல்ல இன்ஜின் நின்னா அவங்கதான் வரணும், சிக்னல் இருந்தா 1554-க்கு போன், இல்லாட்டி விஹெச்எஃப் ரேடியோல சேனல் 16"ன்னாரு.

வைகையில தண்ணி வந்தாலே பாலத்துல நின்னு வேடிக்கை பாக்குற ஊர்க்காரன் நான், எனக்கென்ன கடல் தெரியும். ஆனா 2020 செப்டம்பர் ஞாபகம் இருக்கு, குவைத்துல இருந்து பாரதீப்புக்கு சுமார் 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெயோட வந்த நியூ டயமண்ட் கப்பல் இலங்கைக்கு கிழக்கால தீப்பிடிச்சப்ப நம்ம கோஸ்ட் கார்டும் இலங்கை நேவியும் சேந்து நாள்கணக்கா தண்ணி அடிச்சு அணைச்சாங்க, 23 பேர்ல ஒருத்தர் செத்துட்டாரு, ஆனா ஏத்திட்டு வந்த கச்சா எண்ணெய் கடல்ல கொட்டல. கொட்டிருந்தா அங்குட்டு இங்குட்டுன்னு எல்லைக்கோடா பாக்கும் எண்ணெய்?

இதுக்கெல்லாம் முன்கூட்டியே பழகணும்ல. இந்தியா மாலத்தீவு கோஸ்ட் கார்டுங்க 1991-லயே 'தோஸ்தி'ன்னு, அதாவது நட்புன்னு பேரு வச்சு கூட்டுப் பயிற்சி ஆரம்பிச்சாச்சு, 2012-ல இலங்கையும் சேந்துக்கிச்சு. 1999-ல கடத்தப்பட்ட அலோண்ட்ரா ரெயின்போங்கிற ஜப்பான்காரங்க கப்பலை நம்மாளுக விரட்டிப் பிடிச்சாங்க, அடுத்த வருசத்துல இருந்து ஜப்பானோடயும் பயிற்சி.

எல்லாஞ்சரி, நம்ம மீனவங்க விசயத்துல மட்டும் இந்த தோஸ்தி எங்கண்ணே போகுதுன்னு கேட்டேன். மனுசன் தலையக்கூட தூக்கல, "அது பெரிய எடத்து சமாச்சாரம் தம்பி, கொழம்புக்கா வறுவலுக்கா?"ன்னாரு.