நான்கு மாட வீதியில் இரும்புத் தேர்

சிகாகோவில் முதல் நாள் வேலைக்கே தாமதமாகத்தான் போனேன். தங்கியிருந்த ஹோட்டல் வாபாஷ் தெருவை ஒட்டி. போகவேண்டிய அலுவலகம் வெல்ஸ் தெருப் பக்கம். நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஆனால் வாசலைத் தாண்டியதுமே தலைக்கு மேல் இரும்புப் பாலத்தில் ஒரு ரயில் தடதடத்துக்கொண்டு போனால் அப்புறம் யாருக்கு நடக்க மனசு வரும்? ஆடம்ஸ் நிறுத்தத்தில் படியேறினேன். முதலில் வந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கணக்குப்படி மூன்றாவது நிறுத்தம் குயின்சி. வந்ததோ கிளார்க். சரி, அடுத்ததாக இருக்கும் என்று அசையாமல் இருந்தேன். வண்டி கிறீச்சிட்டபடி வலப்பக்கம் திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே ஆறு. பச்சைத் தண்ணீர், அதன்மேல் காலை வெயில், இரு கரையிலும் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்க்கவேண்டிய கட்டடங்கள். வழி தவறிவிட்டோம் என்ற பயம்கூட ஒரு நிமிடம் கழித்துத்தான் வந்தது.

அக்கரையில் மெர்ச்சண்டைஸ் மார்ட் நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்க வண்டி பிடித்து, கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அலுவலகத்தில் கும்பகோணத்துத் தம்பி ஒருவர் இருந்தார். சிகாகோவில் பத்து வருஷப் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "இந்தத் தூரத்துக்கு யாராவது ட்ரெயின் ஏறுவாங்களாண்ணா? அதுவும் பிரவுன் லைன்ல? நீங்க பிங்க் லைன்ல ஏறியிருக்கணும்."

அன்று மதியம் சாப்பிடும்போது ஒரு காகிதத் துண்டில் அவர் வரைந்து காட்டினார். வடக்கே லேக் தெரு, கிழக்கே வாபாஷ், தெற்கே வான் ப்யூரன், மேற்கே வெல்ஸ். இந்த நான்கு தெருக்களின் மேலேயும் தண்டவாளம். அகலத்தில் ஐந்து, நீளத்தில் ஏழு என்று கட்டம் கட்டமாக மனைகள். மொத்தச் சுற்றளவு மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஊரின் வடக்கு, மேற்கு, தெற்குத் திசைகளிலிருந்து வரும் ரயில்கள் இந்தச் சதுரத்துக்குள் வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வந்த திசைக்கே திரும்பிப் போகின்றன. பச்சை லைன் மட்டும் இரண்டு பக்கத்தைத் தொட்டுவிட்டு நேரே போய்விடுகிறது.

மயிலாப்பூரில் வளர்ந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இது நான்கு மாட வீதி. தேர் சுற்றுகிறது. ஆரஞ்சு, பிங்க், பர்ப்பிள் மூன்றும் பிரதட்சிணமாக வருகின்றன. பிரவுன் மட்டும் அப்பிரதட்சிணம். நான் ஏறியது அதில்தான். இந்தக் கணக்கு பிடிபட்டதும், இருந்த இரண்டு வாரமும் நான் தப்பான ரயிலில் ஏறவில்லை. தம்பி இதைக் கேட்டுவிட்டு, பத்து வருஷமாகத் தனக்கு இது தோன்றவில்லையே என்றார். அவர் கோயில் ஊர்க்காரர் வேறு!

இந்தச் சதுரத்தையும் அதைச் சூழ்ந்த வணிகப் பகுதியையும் சேர்த்து ஊரே 'லூப்' என்கிறது. ரயில் சுற்றுவதால் வந்த பெயர் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். அதற்கு முன்னால், 1882இலிருந்து இங்கே ஓடிய கேபிள் டிராம்கள் திரும்பிப் போன சுற்றுதான் மூலம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எப்படியானாலும், வேறு ஊர்களில் வணிகப் பகுதிக்கு ரயில் வரும். இங்கே ரயில் போட்ட கோடே வணிகப் பகுதிக்கு எல்லை மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் கோட்டைப் போட்டவர் சார்லஸ் யெர்க்ஸ் என்ற ரயில், டிராம் முதலாளி. நல்ல பெயர் எடுத்த மனிதர் இல்லை. தெருவின் மேல் ரயில் பாலம் கட்டவேண்டுமென்றால் அந்தத் தெருவில் முகப்பு வைத்திருக்கும் சொத்துக்காரர்களில் பாதிக்கு மேல் சம்மதிக்கவேண்டும் என்பது அன்றைய சட்டம். வான் ப்யூரன் தெருக்காரர்கள் மறுத்தார்கள். யெர்க்ஸ் என்ன செய்தார்? பாதையை மேற்கே ஆற்றைத் தாண்டி ஹால்ஸ்டெட் தெரு வரை நீட்டி வரைபடம் போட்டார். அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ரயில் வந்தால் லாபம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மொத்த நீளத்துக்குப் பெரும்பான்மை சேர்ந்துவிட்டது. அப்புறம் தனக்கு வேண்டிய துண்டை மட்டும் கட்டிக்கொண்டு, மேற்கே நீட்டிய பகுதியை விட்டுவிட்டார். நம்மூர் ரியல் எஸ்டேட்காரர்கள் இவரிடம் பாடம் படிக்கலாம். 1897இல் சுற்று முழுமையடைந்தது. யெர்க்ஸ் பிற்பாடு லண்டனுக்குப் போய் அங்கே சுரங்க ரயில் பாதைகள் போடுவதில் இறங்கிவிட்டார்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். லேக்கும் வெல்ஸும் சந்திக்கும் முனையில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மூன்று பக்கத்திலிருந்தும் பாதைகள் வந்து சேரும் இடம் அது. நடுவில் மேடைமேல் ஒரு சின்ன சிக்னல் அறை. ஒவ்வொரு வண்டியும் செங்கோணத்தில் திரும்பவேண்டும். சக்கரம் தண்டவாளத்தில் உரசி எழுப்பும் ஓலம் பல்லைக் கூச வைக்கும். இந்தத் திருப்பங்களுக்காகவே பெட்டிகளின் நீளம் 48 அடியோடு நின்றுவிட்டது. நம் புறநகர் ரயில் பெட்டியை இங்கே கொண்டுவந்தால் மூலையில் இருக்கும் கட்டடத்தை இடித்துக்கொண்டுதான் திரும்பும். மூலைகளில் வண்டி ஊர்ந்துதான் போகும். 1977 பிப்ரவரியில் லேக்–வாபாஷ் முனையில், முன்னால் நின்றிருந்த வண்டியை இன்னொன்று இடித்துத் தள்ள, பெட்டிகள் தெருவில் விழுந்து 11 பேர் இறந்திருக்கிறார்கள். அந்த முனையில் திரும்பும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

ஆனால் அந்த ஊர்ந்து போகும் வேகத்தில்தான் வேடிக்கை. இரண்டாவது மாடி ஜன்னல்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரும். ஒரு பல் மருத்துவரின் நாற்காலி, ஒரு கூட்ட அறையில் கொட்டாவி விடும் ஆள், யாரோ வளர்க்கும் கள்ளிச்செடி. கண்ணாடிக் கோபுரங்களைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான். இருபது அடி உயரத்தில், பக்கவாட்டில் பார்க்கும்போது அவற்றுக்குள் மனிதர்கள் இருப்பது தெரிகிறது. ரயிலுக்குள் இருப்பவர்கள் யாரும் வெளியே பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். எல்லோருடைய தலையும் கைபேசிக்குள்.

நான் போனது 2023 நவம்பர். குளிர் ஆரம்பித்திருந்தது. நடைமேடையில் ஒரு பொத்தானை அழுத்தினால் மேலிருந்து சிவப்பாக ஹீட்டர் எரியும். அதன் கீழே நாலைந்து பேர் ஒட்டி நிற்பார்கள், காலடியில் புறாக்களும் நிற்கும். பொத்தானை அழுத்த ஆள் வேண்டும் என்று அந்தப் புறாக்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்போது ஒரு வாரப் பாஸ் 20 டாலர். ரயில், பஸ் இரண்டுக்கும் செல்லும் என்பதால் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். விமான நிலையத்திலிருந்து வரும் ப்ளூ லைனும் வடக்கு தெற்காகப் போகும் ரெட் லைனும் லூப்புக்குள் தரைக்கடியில் ஓடுகின்றன. இரவு முழுக்க ஓடுபவை இவை இரண்டும்தான். சுரங்க நிலையங்களைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை ப்ளூ லைனில் வந்தபோது பெட்டியில் பாதிப் பேர் எங்கும் போகிறவர்களாக இல்லை. மூட்டை முடிச்சோடு, குளிருக்கு ஒதுங்கித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உலகத்தின் பெரிய நிதிச் சந்தைகளில் ஒன்று நடக்கும் தெருவுக்குப் பக்கத்தில்தான், தரைக்கடியில் அந்த வண்டி போகிறது.

முதல் சனிக்கிழமை காலை மறுபடியும் பிரவுன் லைன், இந்த முறை தெரிந்தே. வெல்ஸ் தெருப் பாலம் இரண்டு அடுக்கு: மேலே ரயில், கீழே கார். 1922இல் கட்டியது. அது தூக்குப்பாலமும்கூட. பாய்மரப் படகுகளை வசந்தத்தில் மிச்சிகன் ஏரிக்கு இறக்குவார்கள். குளிருக்கு முன் ஆற்றின் வழியாகப் படகுத்துறைகளுக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள். அப்போதெல்லாம் பாலங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது, தண்டவாளத்தோடு பாலம் இரண்டாகப் பிளந்து வானத்தைப் பார்த்து நின்றது. இந்தப் பக்கம் ஒரு ரயில் காத்திருந்தது. ஏழெட்டுப் படகுகள் அவசரமே இல்லாமல் போயின. பாம்பன் தூக்குப்பாலம் திறப்பதைச் சின்ன வயதில் அப்பாவோடு பார்த்தது நினைவுக்கு வந்தது. அது கடலில், ஊரைவிட்டுத் தள்ளி. இது அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே, காபிக் கோப்பையோடு நிற்கும் கூட்டத்துக்கு முன்னால்.

அன்று மதியம் ஆடம்ஸ் நிறுத்தத்தில் இறங்கி ஒரு தெரு கிழக்கே நடந்தேன். மிச்சிகன் அவென்யூவில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் காவல் காக்கும் கலைக்கூடம். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். பேசிய அரங்கு இப்போது இல்லை; உட்புறத்தை மாற்றிவிட்டார்கள். வாசல் தெருவில் அவர் பெயரில் ஒரு பலகை இருக்கிறது. அவரைக் கப்பலேற்றக் காசு சேர்த்தவர்களில் திருவல்லிக்கேணிக்காரரான பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாள் முக்கியமானவர், வீடு வீடாகப் போய்ச் சேர்த்தார் என்பது நம்மூரில் பலருக்குத் தெரிந்த கதை. அன்றைக்கு இந்த லூப் கிடையாது. தெற்கே உலகக் கண்காட்சித் திடல் வரை போன ஒரு மேல்மட்ட ரயில் மட்டும், அதுவும் நீராவி எஞ்சின் இழுத்த வண்டி, இதற்குச் சற்றுத் தெற்கே காங்கிரஸ் தெருவோடு நின்றுவிடும்.

அதே தெற்குப் பாதையில்தான் 1897–98 வாக்கில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற பொறியாளர் தன் ஏற்பாட்டைச் செய்துகாட்டினார். தனி எஞ்சின் வேண்டாம், பெட்டிகளுக்கடியிலேயே மோட்டார், அத்தனையையும் முன்னால் இருக்கும் ஓர் ஓட்டுநர் இயக்கலாம். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடத் தொடங்கிய நம் மின்சார ரயிலுக்கும் அடிப்படை இதுதான். தாம்பரம் ஃபாஸ்ட்டில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனவன் நான். அதன் பிறந்த ஊர் இது என்று தெரிந்ததும் இந்தத் துருப்பிடித்த பாலத்தின் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

துரு என்று சும்மா சொல்லவில்லை. இதை இடித்துத் தள்ளிவிட்டுச் சுரங்கம் போடும் திட்டம் 1970களில் ரொம்பத் தீவிரமாக இருந்து, 1979இல் கைவிடப்பட்டிருக்கிறது. அசிங்கம், இருட்டு, சத்தம் என்று அன்று சொன்ன காரணங்கள் எதுவும் பொய்யில்லை. வாபாஷ் தெருவில் நண்பகலிலும் கோடு கோடாகத்தான் வெயில் விழும். ஆனால் இரண்டு வாரம் ஏறி இறங்கியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இந்த ரயில் தெருவைவிட்டு விலகவே இல்லை. நடைபாதையிலிருந்து ஒரு படிக்கட்டு, அதன் உச்சியில் நுழைவு, அதைத் தாண்டினால் நடைமேடை. குயின்சி நிலையத்தை 1897இல் இருந்த மாதிரியே மரக் கவுன்ட்டரோடு மீட்டு வைத்திருக்கிறார்கள். அதன் அளவு நம்மூர்ப் பெரிய மளிகைக் கடை அவ்வளவுதான். தெருவிலிருந்து படிகளை எண்ணினேன், ஐம்பதுக்குள் அடங்கிவிட்டது. ஏற முடிந்தவர்களுக்குத்தான் இந்தப் பெருமையெல்லாம். குயின்சிக்கே 2018இல்தான் லிஃப்ட் வந்தது. நான் தினமும் ஏறிய ஆடம்ஸில் அதுவும் இல்லை. முழங்கால் வலியோடு ஒரு பாட்டி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறியதை இரண்டு தடவை பார்த்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் வண்டி பாதி காலி. செவ்வாய் முதல் வியாழன் வரைதான் அலுவலகக் கூட்டம். கொரோனாவுக்குப் பிறகு வாரமே மூன்று நாளாகிவிட்டது என்றார் தம்பி. கீழ்த்தளக் கடைகளில் 'வாடகைக்கு' அட்டை நிறையப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்குத்தான் பெரிய அடி.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து, வேண்டுமென்றே திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்துக்குப் போனேன். 1997இல் திறந்தது. வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். ஆனாலும் வருஷத்துக்கு நாலு தடவை ஏறியிருந்தால் அதிகம். கோட்டை மாதிரி கட்டடம், உள்ளே காலியான கூடங்கள், பகலிலும் அரையிருட்டு. படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். பாதியில் மூச்சு வாங்க நின்றதில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மேலே வேளச்சேரி வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.