திபெத்தியர் இரத்தம் ஏன் தடிப்பதில்லை?

யாழ்ப்பாணத்தில் கடல்மட்டத்தோடு ஒட்டி வாழ்கிற நாங்கள் 4000 மீட்டர் உயரத்துக்குப் போனால், ஒரு மூச்சில் கிடைக்கிற ஒட்சிசன் இங்கே கிடைப்பதில் ஏறத்தாழ 60 வீதம்தான். உடம்பு சும்மா இருக்காது, செங்குருதிக் கலங்களைக் கூட்டும். அளவுக்கு மிஞ்சினால் இரத்தம் தடித்து இதயத்துக்குப் பாரம். அந்தீஸ் மலையில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களிலும் சிலருக்கு இதனால் நாட்பட்ட மலைநோய் வருகிறது.

திபெத்தியரில் பெரும்பாலானோருக்கு அப்படிக் கூடுவதில்லை. ஈபாஸ்1 என்ற மரபணுவின் ஒரு வடிவம் அந்த ஏற்றத்தை அடக்கி வைக்கிறது என்று 2010இல் கண்டார்கள். சரி, அந்த வடிவம் எங்கிருந்து வந்தது? இதுதான் என்னை உலுக்கிய விசயம். சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த, டெனிசோவர் என்ற அழிந்துபோன மனித இனத்துச் சிறுமி ஒருத்தியின் சின்னவிரல் எலும்புத் துண்டு, அதிலிருந்து எடுத்த டிஎன்ஏயோடு ஒப்பிட்டபோது கிட்டத்தட்ட அதே வடிவம் அங்கே இருந்தது. அழிந்துபோன அந்த மனிதரோடு திபெத்தியரின் மூதாதையர் கலந்ததால் வந்த சொத்து என்று 2014இல் எழுதினார்கள்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற தங்கச்சி, "அப்ப அண்ணா, கூர்ப்புக்குப் புது மாற்றம் வருமட்டும் காத்திருக்கத் தேவையில்லையா?" என்று கேட்டாள். தேவையில்லை, பிள்ளை. வேறொரு மனித இனத்திடம் ஏற்கனவே இருந்ததும் உதவும். கூர்ப்புப் பாடம் எடுக்கிற ஆசிரியர்மார் இதைக் கட்டாயம் வகுப்பில் சொல்ல வேண்டும்.