இனிஷியலும் ஜெர்மன் விசாவும்

ஜெர்மனியில் மேற்படிப்பு என்றதும் எல்லோரும் பணத்தைப் பற்றித்தான் விசாரித்தார்கள். நானும் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் தூக்கத்தைக் கெடுத்தது, என் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘எம்’ என்ற ஒற்றை எழுத்து.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரைக்கும் ‘எம்’, அப்புறம் என் பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் அங்கே அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நம் ஊரில் இரண்டும் ஒரே ஆள்தான் என்பது யாருக்கும் சொல்லாமலே புரியும். தாள்களை மட்டும் பார்க்கிற வெளிநாட்டுக்காரருக்கு எப்படிப் புரியும்?

முதல் படி ஏபிஎஸ் சான்றிதழ். இந்தியாவில் படித்தவர்களுக்கு 2022 நவம்பர் 1 முதல் இது கட்டாயம். நம் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று டெல்லியில் உள்ள அலுவலகம் பார்த்துத் தருகிறது. கட்டணம் 18,000 ரூபாய். இதை அட்மிஷன் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பிக்கும்போதே கேட்கின்றன. வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

நான் சொதப்பியது அதற்கு அடுத்த கட்டத்தில். பல்கலைக்கழக விண்ணப்பத்தை மார்க் ஷீட்டைப் பார்த்துப் பார்த்து நிரப்பினேன். அட்மிஷன் லெட்டர் வந்த சந்தோஷத்தில் பெயரைக் கவனிக்கவே இல்லை. பத்து நாள் கழித்து விசா விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் உறைத்தது: லெட்டரில் ‘எம்’, பாஸ்போர்ட்டில் அப்பா. பாஸ்போர்ட் நகலோடு பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டேன். ஒன்பது நாளில் திருத்திய கடிதம் வந்துவிட்டது. அந்த ஒன்பது நாளும் வீட்டில் யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

மார்க் ஷீட்டுகளைத் திருத்துவது நடக்கிற காரியமா? அதற்கு முத்திரைத்தாளில் ஓர் அஃபிடவிட் போதுமானதாக இருந்தது. இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினேன். எல்லா செட்டிலும் ஒரு நகல் வைத்தேன்.

அப்புறம் பணம். ப்ளாக்டு அக்கவுண்ட், அதாவது மொத்தமாக எடுக்க முடியாதபடி பூட்டி வைக்கும் கணக்கில், ஓராண்டுச் செலவை முன்கூட்டியே காட்ட வேண்டும். நான் போன 2025-இல் அது 11,904 யூரோ. அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும். 2024 செப்டம்பருக்கு முன்பு 11,208 யூரோவாக இருந்தது. ஆகவே பழைய வீடியோக்களை நம்பாமல், விண்ணப்பிக்கிற மாதத்தில் தூதரகத் தளத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். நாங்கள் சரியாக 11,904 அனுப்பினோம். நடுவில் உள்ள வங்கிகள் தங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும் என்று எங்களுக்குத் தெரியாது. 18 யூரோ குறைந்தது. அந்தப் பதினெட்டை அனுப்ப மறுபடியும் ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் தருவது), மறுபடியும் கட்டணம். முதலிலேயே ஐம்பது, நூறு யூரோ கூடுதலாக அனுப்பிவிடுங்கள். மிச்சம் எங்கேயும் போய்விடாது.

ஏன் இந்தப் படிப்பு என்று விசாவுக்காக எழுதித் தரும் படிப்பு நோக்கக் கடிதத்தை ஒரு ஏஜென்ட் ரெடிமேடாகத் தருகிறேன் என்றார். வாங்கிப் படித்தேன். என் பாடத்தின் பெயரை எடுத்துவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். வேண்டாமென்று நானே ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அதை ஒழுங்காக எழுத இன்னொரு காரணமும் உண்டு. விசா மறுக்கப்பட்டால் முன்பு தூதரகத்துக்கே மறுபரிசீலனை மனு போடலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழி இல்லை. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லினில் வழக்குப் போட வேண்டும். மாணவனுக்கு ஏது வழக்கு?

விசாவுக்கு நேரில் போன நாள் ஒன்றுமே இல்லை. கைரேகை, போட்டோ, 75 யூரோவுக்கான ரூபாய், முடிந்தது. அஃபிடவிட்டை மட்டும் அங்கே தாள்களை வாங்கிய பெண்மணி இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஐந்து வாரத்தில் பாஸ்போர்ட் விசாவோடு திரும்பி வந்தது.

சரி, பெயர்த் தொல்லை தீர்ந்தது என்றுதான் விமானம் ஏறினேன். அங்கே அடுக்குமாடியில் தபால்காரர் ஃப்ளாட் எண்ணைப் பார்ப்பதில்லை, தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைத்தான் பார்ப்பார். நானோ என் பெயரை மட்டும் ஒட்டியிருந்தேன். இன்சூரன்ஸ் கார்டு வரவே இல்லை. கேட்டால், ஆள் இல்லையென்று திரும்பிப் போய்விட்டதாம். அன்று மாலையே அப்பாவின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். அடுத்த வாரம் மூன்று கடிதங்கள் வந்தன.