1914 இரும்புச் சிலுவையும் நானும்: காந்தம், லென்ஸ், பழைய காகிதம்

ஜெர்மன் ராணுவப் பதக்கம் சேர்க்கிறேன் என்று சொன்னால் கேட்பவர் மனசில் முதலில் வந்து நிற்பது ஹிட்லர்தான். நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஸ்வஸ்திகா பொறித்த எதையும் வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டத் தடை போடுகிறது. நான் வேலை பார்க்கும் மியூனிக்கில் பழம்பொருள் வியாபாரிகள் அந்த இடத்தில் மட்டும் துளியூண்டு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். விலை எதற்கு அதிகமோ போலியும் அதற்குத்தான் அதிகம். பழகுகிறவன் அங்கே போய் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

அதனால் முதல் உலகப் போரோடு நிறுத்திக்கொண்டேன். அதிலும் குறிப்பாக 1914 இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு. நெப்போலியனை எதிர்த்த போரின்போது 1813 மார்ச் 10 அன்று, ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் தொடங்கிய விருது இது. வடிவம் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் ஷிங்கெல். பெண்கள் தங்க நகையைப் போர்ச் செலவுக்குக் கொடுத்துவிட்டு இரும்பு நகை அணிந்துகொண்ட காலம் அது. அதனால் இரும்பில் விருது என்பதை யாரும் குறைவாக நினைக்கவில்லை. 1870இல் ஒருமுறை புதுப்பித்தார்கள். பிறகு 1914 ஆகஸ்ட் 5 அன்று. நம்மூர்க் கணக்கில் சொன்னால், எம்டன் வந்து மதராஸில் குண்டு போடுவதற்கு ஒன்றரை மாதம் முன்பு. அந்தப் போரில் இரண்டாம் வகுப்பு மட்டும் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. இவ்வளவு மலிந்த பொருளைக்கூடப் போலியாகச் செய்து விற்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

பதக்கத்தை அசலா என்று பார்ப்பதைவிட, இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது எனக்குப் பிடிபட்ட வழி. அசல் சிலுவை மூன்று துண்டு. நடுவில் கருப்பு பூசிய இரும்புத் தகடு. முன்னும் பின்னும் வெள்ளியில் அடித்த இரண்டு சட்டங்கள் (ஃபிரேம்). தகட்டை நடுவில் வைத்து, சட்டம் இரண்டையும் விளிம்பில் பற்றவைத்து, அரத்தால் ராவிவிடுவார்கள். தட்டார் வேலை தெரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். தகட்டின் ஒரு பக்கம் கிரீடம், நடுவில் W (1914இல் ஆண்ட இரண்டாம் வில்லியம்), கீழே 1914. மறுபக்கம் FW (விருதைத் தொடங்கிய ஃபிரெடரிக் வில்லியம்), மூன்று ஓக் இலைகள், 1813.

பத்து மடங்கு லென்ஸில் நான் முதலில் பார்ப்பது எழுத்தையோ கிரீடத்தையோ அல்ல, கருப்புத் தகடும் வெள்ளிச் சட்டமும் சந்திக்கும் இடத்தை. அசலில் அங்கே மயிரிழை இடைவெளி இருக்கும். நூறு வருஷத் தூசியும் கொஞ்சம் துருவும் அதில் அடைந்திருக்கும். தகட்டின் பூச்சு சில இடங்களில் குமிழ்போலத் தூக்கியிருக்கும், அடியில் துரு. ஒரே துண்டாக வார்த்த போலியில் இந்த இடைவெளியே இருக்காது. பெயின்ட்தான் எல்லை போட்டிருக்கும். அடுத்து சட்டத்தின் உள்விளிம்பில் ஓடும் மணிவரிசை. அச்சில் அடித்ததென்றால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நிற்கும். வார்ப்பில் மணிகள் வழுவழுவென்று ஒன்றோடொன்று ஒட்டி, நடுவே ஊசிமுனைக் குழிகள் தெரியும்.

வெள்ளி கறுத்திருக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். உடையில் உரசி உரசி மேடுகள் வெளுத்து, பள்ளங்கள் கறுத்திருப்பதுதான் இயல்பு. ரசாயனத்தில் முக்கி எடுத்தது மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே கருப்பாக இருக்கும். இதனால்தான் பாலிஷ் போட்ட பதக்கம் என்றால் எனக்குக் கோபம் வருகிறது. பளபளப்புக்காகப் பாதி சாட்சியைத் துடைத்துவிடுகிறார்கள்.

காந்தம் எல்லோரும் செய்யும் சோதனை, ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. இரும்பு வைத்துப் போலி செய்வது பெரிய காரியமில்லை. காந்தம் ஒட்டாத அசல்களும் அபூர்வமாக உண்டு. வெர்னியர் காலிப்பர் அதைவிட உதவுகிறது. 1914 சிலுவை சுமார் 42 மில்லிமீட்டர். உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால், அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்த நகல் கொஞ்சம் சிறுத்துப்போகும். மேலே உள்ள வளையத்தில் பல சிலுவைகளுக்குத் தயாரிப்பாளர் எழுத்தோ, வெள்ளித் தரத்தைக் குறிக்கும் 800 என்ற எண்ணோ இருக்கும். அது பெரிய ஆறுதல் இல்லை. வளையத்தை மாற்ற ஒரு குறடு போதும்.

பதக்கம் தொங்கும் ரிப்பனுக்கு யூவி (புற ஊதா) டார்ச். போர்முனையில் இருந்தவருக்குக் கருப்பில் வெள்ளைக் கரை, மற்றவருக்கு வெள்ளையில் கருப்புக் கரை. இருட்டில் டார்ச் அடித்தால் பிற்காலச் செயற்கை நூல் நீல வெள்ளையாக ஒளிரும், அந்தக் காலத்துப் பருத்தி பெரும்பாலும் ஒளிராது. ஆனால் யாரோ ஒரு பாட்டி நல்லெண்ணத்தில் இன்றைய சோப்புத்தூளில் துவைத்திருந்தால் அசல் ரிப்பனும் ஒளிரும். ஒளிர்ந்த உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சமீபத்தில் சேர்ந்தது 1918 காயச் சின்னம், கருப்பு. ஒன்றிரண்டு முறை காயம்பட்டவருக்குக் கருப்பு, மூன்று நான்கு என்றால் வெள்ளி, ஐந்தோ அதற்கு மேலோ என்றால் தங்க நிறம். மெல்லிய இரும்புத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்தது என்பதால், முன்னால் உள்ள தலைக்கவசமும் வாளும் பின்பக்கம் அப்படியே குழிவாகத் தெரியும். திருப்பிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது 1934 கௌரவச் சிலுவை. முதல் போரில் பணியாற்றியவர்களுக்காக அன்றைய ஜெர்மன் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் தொடங்கியது, ஸ்வஸ்திகா கிடையாது, 80 லட்சத்துக்கு மேல் கொடுத்ததால் விலையும் கைக்கு அடக்கம். இதை விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும், அதனால் பெயரும் தேதியும் உள்ள சான்றிதழோடு கிடைப்பதுண்டு. முதல் போரில் ஜெர்மனிக்காகச் சண்டையிட்ட யூதர்களும் இதைப் பெற்றார்கள். சான்றிதழில் அச்சிட்டிருக்கும் வாசகம் 'ஃபியூரரின் பெயரால்', அதாவது ஹிட்லரின் பெயரால். ஒருமுறை அப்படி ஒரு சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்தேன். விலை கேட்கத் தோன்றவில்லை.

இப்போது உலோகத்தைவிடக் காகிதத்தில்தான் ஆர்வம் போகிறது. இரும்புச் சிலுவையில் பெறுபவர் பெயர் பொறிப்பதில்லை. யாருடையது என்று சொல்லக்கூடியது கூட வரும் மிலிட்டேர்பாஸ் என்ற சிறு கையேடுதான். பணியாற்றிய படைப்பிரிவு, கலந்துகொண்ட சண்டைகள், விருதுகள் எல்லாம் அதில் இருக்கும். எழுத்து குர்ரென்ட் என்ற பழைய கையெழுத்து முறை. இன்றைய ஜெர்மானியர்களுக்கே படிக்கத் திணறும் என்பதால் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

கையேட்டில் உள்ளதைச் சரிபார்க்க ஆவணக் காப்பகம் வேண்டும். பிரஷ்ய வீரர் என்றால் கஷ்டம்: 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் மீது விழுந்த குண்டுகளில் பிரஷ்யப் படை ஆவணங்களில் பெரும்பகுதி எரிந்துபோனது. பவேரியாவுக்குத் தலைநகர் மியூனிக்; அதன் வீரர்களின் பதிவேடுகள் அங்கே தப்பின. பிறந்த ஊர், மதம், தொழில், பெற்றோர், எந்தெந்தச் சண்டை என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். வாங்கும் முன் கையேட்டின் அட்டையைப் பார்த்து, பவேரியப் படைப்பிரிவு என்றால் கூடக் கொஞ்சம் கொடுக்கத் தயாராகிவிட்டேன். என்னிடம் உள்ள ஒரு சிலுவையின் சொந்தக்காரர் பீர் காய்ச்சும் தொழிலாளி என்று அப்படித்தான் தெரிந்தது.

அடுத்த கண், ஒரு பதக்கப் பட்டை மேல். நான்கு பதக்கங்களை ரிப்பனோடு சேர்த்துத் தைத்தது, கடைசியில் கௌரவச் சிலுவை. ஆகவே 1934க்குப் பிறகு தைத்ததாக இருக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்த ரிப்பனைத் தூக்கிப் பார்த்தால் வெயில் படாத பகுதி நிறம் மங்காமல் இருக்க வேண்டும். நான்கில் மூன்று அப்படித்தான் இருக்கின்றன. மூன்றாவது ரிப்பன் மட்டும் மேலும் கீழும் ஒரே நிறம், தையல் நூலும் வேறு. ஒரு பதக்கம் பின்னால் சேர்க்கப்பட்டது என்பது என் கணிப்பு. வியாபாரி முழுப் பட்டைக்கான விலையே கேட்கிறார். மூன்றுக்கான விலை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.