டாக்டர்கள் ஏன் ஸ்க்ரீனைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்கள்?

"டாக்டர்களும் நர்ஸ்களும் டிஜிட்டலுக்கு மாற மாட்டேன் என்கிறார்கள்" என்று பழி போடுவது சுலபம். கூட்டமான அரசு ஓ.பி.யில் ஒருவருக்குக் கிடைப்பதே சில நிமிடம். அதில் 14 இலக்க ஆபா எண் (நோயாளியின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) கேட்டு, ஓ.டி.பி.க்குக் காத்திருக்க வேண்டும். பாட்டியின் ஆதாரோடு இணைந்த செல்போனோ வெளியூரில் வேலை செய்யும் மகனிடம்! இந்த வேலையைப் பதிவு கவுன்ட்டரிலேயே முடித்துவிட வேண்டும், டாக்டர் மேஜைக்கு அது வரவே கூடாது.

நர்ஸ்களின் கோபம் இன்னும் நியாயமானது. 150/90 என்ற ஒரே பிரஷரை துண்டுச் சீட்டில், ரெஜிஸ்டரில், ஆப்பில் என மூன்று இடத்தில் எழுதுகிறார்கள். நெட் போனால் சாயங்காலம் மொத்தமாக ஏற்றுகிறார்கள். அப்போது பார்த்த நேரம் தப்பாகப் பதிவாகும், இலக்கமும் மாறும். ஆப் வந்த அன்றே ரெஜிஸ்டரை நிறுத்த எழுத்து மூலம் உத்தரவு தராதவரை இது தீராது.

போனிலோ வீடியோவிலோ நோயாளியைப் பார்க்கும் டெலிமெடிசினில் டாக்டர்களின் தயக்கம் வேறு மாதிரி: "நாளைக்கு என் மேல் கேஸ் போட்டால்?" 2020 மார்ச் 25 அன்று வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. நோயாளியே அழைத்தால் அதுவே சம்மதம். முதல் ஆலோசனையிலேயே 'ஏ' பட்டியல் மருந்து (அந்த வழிகாட்டுதல் ஓரளவு பாதுகாப்பானவை என வகைப்படுத்தியவை) எழுத வீடியோ கட்டாயம். ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளை (சட்டப்படி கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை) எழுதவே கூடாது. மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதோடு இதையும் சொல்லிக்கொடுங்கள், பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.