ஹோட்டன் சமவெளி நாட்குறிப்பு

2025 பெப்ரவரி 7, வெள்ளி, நுவரெலியா

ரொட்டியையும் கட்டச் சம்பலையும் வாழையிலையில் வைத்துச் செய்தித்தாளில் சுற்றியாயிற்று. நாளை போகும் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவின் வாயிலில் பொலித்தீனை உள்ளே விடமாட்டார்கள். தம்பிக்குச் சிறுத்தையைப் பார்க்க வேண்டுமாம். எனக்குக் கொம்பு ஓணான் ஒன்று கண்ணில் பட்டால் போதும்.

பெப்ரவரி 8, சனி, ஹோட்டன் சமவெளி

அம்பேவெல, பட்டிப்பொல வழியாகச் சென்று, வாயில் திறந்ததும் உள்ளே நுழைந்தோம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலுள்ள இந்த மேட்டுநிலத்தில் ஆண்டின் தொடக்க மாதங்களில் உறைபனி படிவதுண்டு. இன்றும் புல்நுனிகள் வெளுத்திருந்தன. மூடுபனி ஏறி உலக முடிவு என்னும் செங்குத்து மலைவிளிம்பை மறைப்பதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று வான் வண்டிகள் எங்களைக் கடந்து விரைந்துகொண்டிருக்க, நாங்கள் பாதையோரத்து அரெங்கா குளத்தின் அருகே நின்றுவிட்டோம். இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பூங்குருவி, காட்டு நீரோடைகளை ஒட்டி, வெளிச்சம் மங்கலாக இருக்கும் நேரத்தில்தான் இரை தேட வெளிவரும். கூரிய நீண்ட ஒலியொன்று கேட்டது; கருநீலமாய் ஏதோ ஒன்று புதருக்குள் பாய்ந்து மறைந்தது. அவ்வளவுதான் கிடைத்தது என்றாலும் எனக்கு அதில் குறையில்லை.

பூங்காவின் பார்வையாளர் நிலையமான ஃபார் இன் அருகே மரைகள் (கடமான்கள்) வாகனக் கண்ணாடிவரை முகத்தை நீட்டுகின்றன. தடை இருந்தும் சிலர் பணிஸ் ஊட்டினர். இதைக் காட்டு விலங்கைக் காண்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புல்வெளியை விட்டு மரங்களுக்குள் நுழைந்த பிறகுதான் இந்த இடத்தின் இயல்பு புலப்பட்டது. காற்றும் குளிரும் மரங்களை ஓங்கி வளர விடாததால், அவை குட்டையாகவும் முறுக்கேறியும், உச்சி குடைபோலப் பரந்தும் நிற்கின்றன. மழையில்லாத நாளிலும் மூடுபனியின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பாசி, அடிமரம் முதல் சிறு கிளைவரை போர்த்திருக்கிறது. அந்தப் பாசியின் நிறத்திலேயே ஓர் ஆண் கொம்பு ஓணான் ஒட்டியிருந்ததைத் தம்பிதான் முதலில் கண்டான். மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு; நெருங்கியபோதும் ஓடவில்லை, மிக மெதுவாகத் தண்டின் மறுபுறத்துக்கு நகர்ந்தது. இதே காடுகளில் வாழும் குட்டை ஓணான், வாலால் கிளையைப் பற்றிக்கொள்வதோடு, பிற ஓணான்களைப் போல முட்டையிடாமல் குட்டியே ஈனும். அதைத் தேடிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

யானைகள் சென்ற நூற்றாண்டிலேயே இங்கிருந்து மறைந்துவிட்டன. மரையே இங்குள்ள சிறுத்தையின் முக்கிய இரை. பாதையில் கிடந்த உரோமம் கலந்த எச்சம் சிறுத்தையினுடையதாக இருக்கலாம் என்று வழிகாட்டி சொன்னதோடு தம்பி அமைதியடைய வேண்டியதாயிற்று. அழிந்துவிட்டதென்று கருதப்பட்டு, 2010இல் ஒளிப்படங்கள் வெளியான மலைத் தேவாங்கும் இந்தக் காட்டில்தான் இருக்கிறது. அது இரவில் நடமாடுவது, நாமோ மாலைக்குள் வெளியேறிவிட வேண்டியவர்கள்.

பெப்ரவரி 9, ஞாயிறு, ஹக்கல

சீத்தா எலிய அம்மன் கோயிலில் வணங்கிவிட்டு ஹக்கல தாவரவியல் பூங்காவுக்குச் சென்றோம். பின்புறத்து மலைக்காடு இறுக்கமான பாதுகாப்பிலுள்ள ஒதுக்கிடம் என்பதால், அதன் உயிரினங்களைப் பார்க்க விரும்புவோர்க்குப் பூங்காவின் மேல் எல்லையே வசதி. அங்கே ஊதாமுக மந்திகளின் கூட்டமொன்று இலைகளைத் தின்றுகொண்டிருந்தது. தாழ்நிலத்து இனத்தவற்றைவிட இவற்றின் உரோமம் அடர்ந்து நீண்டிருப்பது மலைக்குளிருக்காக. கோயிலடியில் வாழைப்பழத்தைப் பறிக்கும் செங்குரங்குகளோடு பலர் இவற்றைச் சேர்த்துவிடுகிறார்கள். செங்குரங்கு தரையில் இறங்கி எதையும் தின்னும், மந்தியோ பெரும்பாலும் மரத்திலேயே இருந்து இலையை உண்டு வாழ்வது. குட்டியை வயிற்றோடு அணைத்திருந்த ஒரு தாய் மந்தியைத் தம்பி நிறையப் படம் எடுத்தான். சிறுத்தையைப் பற்றி இன்று ஒரு பேச்சும் இல்லை.