எக்ஸ்பிரஸ் ஆப்பில் எரரை எங்கே பிடிப்பது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு, நோட்.ஜேஎஸ் மேல் ஓடும் எக்ஸ்பிரஸ் ஃபிரேம்வொர்க்கில் வெப் ஆப் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வியாபாரி 10 கிலோ மல்லிக்கு ஆர்டர் போடுகிறார். அளவுக் கட்டத்தில் எழுத்து விழுந்திருக்கலாம். அதற்குள் சரக்கு தீர்ந்திருக்கலாம். டேட்டாபேஸ் கனெக்ஷன் அறுந்திருக்கலாம். மூன்றுக்கும் 500 (சர்வரில் பிழை) என்ற ஹெச்டிடிபி ஸ்டேட்டஸையே அனுப்பி "ஏதோ தவறு" என்று காட்டுவது அநியாயம். விடியற்காலை அவசரத்தில் அவர் அந்தப் பட்டனையே திரும்பத் திரும்பத் தட்டுவார்.

முதலாவதற்கு 400 (தவறான கோரிக்கை), இரண்டாவதற்கு 409 (இப்போதைய நிலையோடு மோதல்), மூன்றாவதற்கு 503 (சேவை தற்போது இல்லை). கடைசியதோடு, எவ்வளவு நேரம் கழித்து மறுபடி முயல வேண்டும் என்று சொல்லும் ரிட்ரை-ஆப்டர் ஹெடரும் போகட்டும். இப்படி நமக்கு முன்கூட்டியே தெரிந்த பிழைகளுக்கு ஒரு தனி கிளாஸ் வையுங்கள்: ஸ்டேட்டஸ், மாறாத ஒரு எரர் கோடு (code), வியாபாரிக்குப் புரியும் தமிழ் வாக்கியம். அந்தக் கிளாஸில் அடங்காத எதுவும் நம் நிரலில் உள்ள தவறுதான் (bug). அதற்கு 500. பிழை எந்த வரியில் எழுந்தது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸ் லாகுக்கு மட்டும். திரையில் ரிக்வெஸ்ட் ஐடி போதும். கடைக்காரர் போனில் அதைப் படித்துச் சொன்னால் லாகில் தேடிவிடலாம்.

ஒவ்வொரு ரூட்டிலும் (ஒரு முகவரிக்கு வரும் கோரிக்கையைக் கவனிக்கும் ஃபங்ஷன்) ட்ரை-கேட்ச் எழுத வேண்டாம். எல்லா ரூட்டுக்கும் பிறகு ஒரே ஒரு எரர் மிடில்வேர், அதாவது பிழைகளை மட்டும் வாங்கிக் கவனிக்கும் ஃபங்ஷன், போதும். ஆனால் அதற்கு நான்கு பாராமீட்டர் இருந்தே ஆக வேண்டும்: பிழை, ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ், அடுத்த ஃபங்ஷனுக்குக் கைமாற்றும் நெக்ஸ்ட். எக்ஸ்பிரஸ் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. "நெக்ஸ்ட் பயன்படவில்லை" என்று லின்ட் (நிரலைச் சோதிக்கும் கருவி) சொல்வதைக் கேட்டு நான்காவதை எடுத்தால் அது சாதாரண மிடில்வேர் ஆகிவிடும். பிழை எதுவும் அங்கே வராது, எச்சரிக்கையும் கிடையாது.

அடுத்தது அசிங்க் ரூட், அதாவது டேட்டாபேஸ் பதில் போன்றவற்றுக்குக் காத்திருக்கும் ரூட். எக்ஸ்பிரஸ் 4-இல் அதற்குள் எழும் பிழையை யாரும் பிடிப்பதில்லை. நோட் 15 முதல், இப்படி யாரும் பிடிக்காத பிராமிஸ் (பின்னர் வரும் பதிலுக்கான ஆப்ஜெக்ட்) பிழை புராசஸையே நிறுத்திவிடும். அந்த நொடியில் பாதியில் இருந்த மற்ற ஆர்டர்களும் அறுந்துபோகும். 2024-இல் வந்த எக்ஸ்பிரஸ் 5 இதைத் தானே எரர் மிடில்வேருக்கு அனுப்பிவிடுகிறது. என் கணக்கில் இந்த ஒரு காரணமே 5-க்கு மாறப் போதும். 4-லேயே இருப்பவர்கள் ரூட்டைச் சுற்றி, கேட்ச் செய்து நெக்ஸ்ட்டுக்குத் தரும் சின்ன ஃபங்ஷன் போட வேண்டும். டைமர் கால்பேக்கிலும் ஸ்ட்ரீமின் எரர் ஈவென்ட்டிலும் வருவதை 5-உம் பிடிக்காது. அவற்றை நீங்களே நெக்ஸ்ட்டுக்குத் தர வேண்டும்.

மாதக் கணக்கை சிஎஸ்வியாக ஸ்ட்ரீம் செய்யும்போது நடுவில் பிழை வந்தால் ஹெடர் ஏற்கெனவே போயிருக்கும். அப்போது ஜேசன் அனுப்ப முயன்றால் அதுவே இன்னொரு பிழை. எரர் மிடில்வேரின் முதல் வரியிலேயே, ஹெடர் போய்விட்டதா என்று சொல்லும் ரெஸ்பான்ஸின் ஹெடர்ஸ்சென்ட்டைப் (headersSent) பாருங்கள். உண்மையானால் பிழையை நெக்ஸ்ட்டுக்குக் கொடுத்து வெளியேறுங்கள். எக்ஸ்பிரஸ் இணைப்பை மூடிவிடும், டவுன்லோடு தோற்றதாக பிரவுசர் காட்டும். அரைகுறைக் கணக்கை முழுக் கணக்கென்று யாரும் நம்ப மாட்டார்கள்.